சிறு வேலைவாய்ப்பு ஏஜென்சியின் இணையதளம்: வருபவர் தேடுவது எதை?

சென்னையிலும் திருச்சியிலும் நாகர்கோவிலிலும், மாடியில் இரண்டு அறை, நான்கைந்து பணியாளர்கள் என்ற அளவில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் பல உண்டு. அவற்றில் பலவற்றுக்கு இன்று சொந்த இணையதளம் இருக்கிறது. அந்தத் தளம் வருபவருக்கு இன்னும் பயன்பட என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக விடை சொல்லப்பட்டு வருகிறது. விடை சொன்னவர்களில் விளம்பரக்காரர்கள், இணைய வடிவமைப்பாளர்கள், தேடுபொறி வல்லுநர்கள், தொழிலாளர் பொருளாதாரம் படித்தவர்கள், குடிபெயர்வுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துபவர்கள் எனப் பல தரப்பினர் உண்டு. ஒருவர் விடை இன்னொருவருடையதோடு ஒத்துப்போவதில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு வருகையாளரை மனத்தில் வைத்துப் பேசுவதே அதற்கு முக்கியக் காரணம் என்று தோன்றுகிறது.

கேள்வியின் எல்லை

வேலைவாய்ப்பு ஏஜென்சி என்ற சொல் பலதரப்பட்ட தொழில்களைக் குறிக்கும். ஐ.டி. நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சியும், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளரைத் தரும் நிறுவனமும் அதில் அடங்கும். இங்கே எடுத்துக்கொள்வது வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் சிறு ஏஜென்சியை மட்டும். தவறான தகவலுக்கு வருகையாளர் கொடுக்கும் விலை அங்கேதான் மிக அதிகம்.

இவ்விடத்தில் ‘சிறு’ என்பதற்குச் சட்டமே ஓர் அளவு வைத்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. பதிவுக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். வழக்கமான தொகை 50 லட்சம் ரூபாய். 100 பேர் வரை மட்டும் அனுப்பும் ஏஜென்சிக்கு 8 லட்சம்.

இத்தகைய தளத்துக்கு வருபவர்களை வேலை தேடுபவர், ஆள் தேடும் வெளிநாட்டு நிறுவனத்தின் மனிதவள அதிகாரி என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். இரண்டு தரப்பை ஒரே இடத்தில் சேர்க்கும் சந்தைகளைப் பற்றி ழான்-ஷார்ல் ரோஷேயும் ழான் திரோலும் 2003-இல் எழுதிய ஆய்வுக்குப் பின், இந்தப் பிரிவினை பொருளியலிலும் வேரூன்றிவிட்டது. ஆனால் மூன்றாவதாக ஒருவரையும் சேர்க்க வேண்டும். “இந்த ஏஜென்சி நிஜமா, கொஞ்சம் பார்த்துச் சொல்” என்று கேட்கப்படும் தம்பி, மைத்துனர், ஊரில் கல்லூரி படிக்கும் பெண் ஆகியோரே அந்த மூன்றாமவர். அவருக்கு வேலை வேண்டாம். அவர் வந்திருப்பது சரிபார்க்க. தளத்தை வடிவமைக்கும்போது அவரை நினைப்பவர்கள் குறைவு.

விளம்பரப் பலகை என்ற பார்வை

முதல் விடை நாளிதழ் விளம்பரத்திலிருந்து வந்தது. வளைகுடா வேலைக்கான அறிவிப்புகள் நெடுங்காலம் நாளிதழ்களிலும், மும்பையிலிருந்து வெளியாகும் ‘அசைன்மென்ட்ஸ் அப்ராட் டைம்ஸ்’ போன்ற தனி இதழ்களிலும் கட்டம் கட்டி வந்தன. இணையம் வந்தபோது அதே கட்டங்கள் திரைக்கு மாறின. முகப்பில் விமானம் அல்லது கை குலுக்கும் படம், ‘எங்களைப் பற்றி’, ‘எங்கள் சேவைகள்’, தொலைபேசி எண் இருந்தால் போதும், மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம் என்பதே இந்தப் பார்வை.

இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இந்தத் தொழில் இன்றும் நேரில் பேசித்தான் நடக்கிறது. யாரும் திரையைப் பார்த்துவிட்டு மட்டும் விமானம் ஏறுவதில்லை. வெளிநாட்டு நிறுவனத்தின் அதிகாரிக்கும் ஏஜென்சி எந்தத் துறையில் ஆள் தருகிறது, எத்தனை ஆண்டாக இருக்கிறது என்ற இரண்டு வரி போதுமானதாக இருக்கலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நாளிதழ் விளம்பரம் மறுநாள் பழைய தாளாகிவிடும். இணையதளத்துக்கு அந்த இயல்பான முடிவு கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் நடந்து முடிந்த நேர்முகத் தேர்வு இன்னும் ‘விரைவில்’ என்றே நிற்கும்.

வேலைப் பட்டியல் என்ற பார்வை

வேலை தேடுவது என்பது தகவல் தேடுவது, அதற்கு ஒரு செலவு உண்டு என்று ஜார்ஜ் ஸ்டிக்லர் 1962-இல் எழுதினார். அந்தச் செலவைக் குறைப்பதே இணையத்தின் வேலை என்ற எண்ணத்தில் 1994-இல் அமெரிக்காவில் மான்ஸ்டர் போர்டும், 1997-இல் இந்தியாவில் நௌக்ரியும் தோன்றின. சிறு ஏஜென்சியின் தளமும் சிறிய நௌக்ரியாக மாற வேண்டும் என்பது இவர்கள் வழிவந்த ஆலோசனை. துறை, நாடு, அனுபவம் என்று வடிகட்டும் வசதி, கணக்குத் தொடங்கிப் பயோடேட்டா ஏற்றும் வசதி, மின்னஞ்சல் அறிவிப்பு எல்லாம் இதில் வரும்.

இணையத்தில் தேடினால் வேலை விரைவாகக் கிடைக்கிறதா என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரே விடையைத் தரவில்லை. பீட்டர் கூனும் மிக்கல் ஸ்கூடெருடும் 1998–2000 காலத்து அமெரிக்கத் தரவுகளை வைத்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, இணையத்தில் தேடியவர்களின் வேலையில்லாக் காலம் குறைந்ததாகக் காட்டவில்லை. பத்தாண்டு கழித்துக் கூனும் ஹானி மன்சூரும் புதிய தரவுகளோடு திரும்பிப் பார்த்தபோது, அந்தக் காலம் ஏறக்குறைய 25 சதவீதம் குறைந்திருந்தது. இணையத்தில் வேலைகளும் ஆட்களும் பெருகியது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் பட்டியலின் பலன் அதன் பருமனைச் சார்ந்தது. ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வேலைகளை மட்டும் வைத்திருக்கும் ஏஜென்சிக்கு வடிகட்டி எதற்கு? ‘நியூசிலாந்து – பிளம்பர்’ என்று தேர்ந்தெடுத்தவருக்கு ‘முடிவுகள் இல்லை’ என்று காட்டத்தான் அது பயன்படும்.

தேடுபொறிகள் இந்தப் பார்வைக்கு வேறொரு வடிவம் கொடுத்தன. 2017-இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு இந்தியாவிலும் கூகுள் தன் தேடல் பக்கத்திலேயே வேலைகளைக் காட்டத் தொடங்கியது. தளத்தின் ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பக்கம் இருந்து, வேலையின் பெயர், வெளியிட்ட தேதி, நிறுவனம், இடம் ஆகியவற்றை இயந்திரம் படிக்கும்படி குறித்திருந்தால் சிறு ஏஜென்சியின் அறிவிப்பும் பெரிய தளங்களுக்குப் பக்கத்தில் வரக்கூடும். காலாவதியான அறிவிப்புகளை நீக்கச் சொல்லும் விதியும் அதில் உண்டு. வருகையாளரின் நோக்கில் பார்த்தால், தேடலில் முன்னால் வருவதைவிட இந்த விதி விதைக்கும் ஒழுங்கே பெரிய லாபம்.

வேகமும் எளிமையும்

மூன்றாவது தரப்பு பயன்பாட்டு வடிவமைப்பாளர்கள். பக்கத்தைப் படிக்காமல் கண்ணை ஓட்டுபவர்களே பெரும்பான்மை என்பதை யாக்கப் நீல்சன் 1997-லேயே சொல்லிவிட்டார். அவர் சோதித்தவர்களில் 79 சதவீதம் பேர் அப்படிச் செய்தார்கள். பின்னர் கூகுள், பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் பதில் வர வேண்டும் என்று எண்களில் வரையறுத்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தத்தக்க வகையில் தளம் அமைய வேண்டும் என்ற உலக வலைத் தரநிலைகள் 1999-இல் தொடங்கி 2023 வரை நான்கு பதிப்புகள் கண்டுவிட்டன.

இவற்றோடு யாருக்கும் சண்டையில்லை. ஆனாலும் சிறு ஏஜென்சித் தளங்களில் இந்த அறிவுரை தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: வேலை அறிவிப்பைப் படமாக ஏற்றும் பழக்கம். வாட்ஸ்அப்பில் அனுப்பச் செய்த போஸ்டரையே தளத்திலும் போட்டுவிடுகிறார்கள். கைப்பேசியில் அதைப் பெரிதாக்கி இடமும் வலமும் நகர்த்திப் படிக்க வேண்டும். திரைவாசிப்பான் அதைப் படிக்காது, அதிலுள்ள தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. தளத்தை விட்டு அந்தப் படம் வெளியேறிவிட்டால் தேதியில்லாமல் ஆறு மாதம் குழுக்களில் சுற்றும். அதே விவரத்தை எழுத்தாகத் தட்டச்சு செய்தாலே வேகம், அணுகல், தேடல் மூன்றும் ஓரளவு சரியாகிவிடும். அதற்குத் தேவைப்படுவது பத்து நிமிடத் தட்டச்சு. ஆனால் தள மேம்பாட்டுக்கான விலைப்புள்ளிகளில் இந்த வரியைக் காண்பது அரிது.

விண்ணப்பப் படிவமும் இதே கதைதான். பி.டி.எஃப். வடிவில் ரெஸ்யூம் கட்டாயம் என்று கேட்கும் படிவம், ஐ.டி. வேலைக்குப் பொருந்தும். பதினைந்து வருடம் கம்பி கட்டியவரிடம் அப்படி ஒரு கோப்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர், எண், தொழில், அனுபவம் என்ற நான்கு கட்டங்கள், கூடவே “நாங்கள் அழைக்கிறோம்” என்ற உறுதி அவருக்குப் போதும்.

நம்பகம்

நல்ல சரக்கையும் கெட்ட சரக்கையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில், கெட்டது நல்லதை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் விளக்கினார். வெளிநாட்டு வேலைச் சந்தைக்கு இது அப்படியே பொருந்துகிறது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை அதிகாரி வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் மூலம் அழைத்து, இளைஞர்களைச் சட்டவிரோதமாக எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோன மோசடியைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. பதிவு பெறாத ஏஜெண்டுகள் 2 முதல் 5 லட்சம் ரூபாய் வரை வாங்குவதாகவும் பிந்தைய எச்சரிக்கை ஒன்று குறிப்பிட்டது. விதிப்படி வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜின் உச்சவரம்போ 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான்.

இந்தச் சூழலில் வருகையாளரின் முதல் கேள்வி ‘வேலை இருக்கிறதா’ என்பதாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் யார், உங்களை எங்கே சரிபார்ப்பது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பவையே முதலில் எழும். பி.ஜே. ஃபாக் குழுவினர் 2002-இல் 2,684 பேரிடம் நடத்திய ஆய்வு இதற்கு எதிராகப் பேசுவதுபோல் தெரியும். தளங்களின் நம்பகம் பற்றி வந்த கருத்துகளில் 46.1 சதவீதம் தோற்றத்தைப் பற்றியவை. ஆனால் அதற்கு இணையாக மருத்துவ, நிதி வல்லுநர்களிடம் நடத்திய ஆய்வில் அவர்கள் தோற்றத்தைவிடத் தகவலின் மூலத்தையே அதிகம் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், சரிபார்க்க வழி தெரியாதவர் தோற்றத்தை வைத்து முடிவெடுக்கிறார் என்று கொள்ளலாம். அழகான தளம் மோசடிக்காரருக்கும் மலிவாகவே கிடைக்கும் என்பதால், தோற்றத்தை மட்டும் மெருகேற்றும் நேர்மையான ஏஜென்சி தன்னை யாரிடமிருந்தும் வேறுபடுத்திக்கொள்வதில்லை.

ஆகவே சரிபார்க்கத்தக்க தகவல் முன்னால் வர வேண்டும் என்ற நான்காவது தரப்பின் வாதமே இக்கட்டுரைக்கு வலுவாகப் படுகிறது. உரிம எண், செல்லுபடியாகும் தேதி, அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அதைப் பார்க்கும் வழி, அலுவலக முகவரி, சர்வீஸ் சார்ஜ், ரசீது தரப்படும் என்ற வரி ஆகியவை ‘எங்களைப் பற்றி’ பக்கத்தின் அடியில் அல்ல, ஒவ்வொரு வேலை அறிவிப்பிலும் இருக்க வேண்டும். மூன்றாவது வருகையாளருக்கு இது ஒன்றுதான் தேவை.

ஓர் அறிவிப்பை அருகில் வைத்துப் பார்த்தால்

‘அவசரம்! துபாய்க்கு ஆட்கள் தேவை. வெல்டர், எலக்ட்ரீஷியன், ஹெல்ப்பர். கவர்ச்சியான சம்பளம். தங்குமிடம் இலவசம். உடனே அழைக்கவும்.’ இது எந்த நிறுவனத்தின் விளம்பரமும் அல்ல. இந்த வகைக்கு ஒரு மாதிரி. இதில் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘கவர்ச்சியான சம்பளம்’ என்பதை ‘1,500 திர்ஹம்’ என்று மாற்றினால் முன்னேற்றம்தான். ஆனாலும் அது போதாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓ.டி. கூலியும் பணி முடிவில் தரும் கிராஜுவிட்டியும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். 1,500-இல் அடிப்படை 900, மீதி ஓ.டி.யும் படிகளும் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் ஐந்தாண்டு முடிவில் அவருக்குக் கிடைப்பது 3,150 திர்ஹம். அடிப்படையே 1,500 என்றால் 5,250. ஒரே தொகையை எழுதிய இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே 2,100 திர்ஹம் மறைந்து கிடக்கிறது. ஓ.டி. கிடைக்காத மாதங்களில் கைக்கு வருவது எவ்வளவு என்பது தனிக் கணக்கு.

அடிப்படை, ஓ.டி., சாப்பாடு யார் செலவு, வேலை நேரம், ஒப்பந்தக் காலம், ஊர், அறிவிப்பின் தேதி, முடியும் தேதி ஆகியவற்றைப் பிரித்து எழுதும் ஏஜென்சி வருகையாளருக்குச் செய்யும் உதவியை எந்த வடிவமைப்பும் செய்ய முடியாது. அமெரிக்காவில் கொலராடோ 2021 முதலும் நியூயார்க் நகரம் 2022 நவம்பர் முதலும் அறிவிப்பில் சம்பள வரம்பைக் கட்டாயமாக்கியுள்ளன. அங்கே இதன் நோக்கம் ஊதிய சமத்துவம். இங்கே அதே தகவலுக்கு வேறு வேலை இருக்கிறது: அது ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாட்சி. விமான நிலையத்திலோ, போய்ச் சேர்ந்த பின்போ வேறு தாளில் கையெழுத்து கேட்கப்பட்டால், தேதியோடு கூடிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் பேசும். ஏஜென்சிகள் தயங்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பாஸ்போர்ட் நகல் யாரிடம்?

விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஏற்றச் சொல்லும் படிவங்கள் சாதாரணம். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகளும் இந்தப் பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்குகின்றன. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். நோக்கம் முடிந்ததும் அழிக்க வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்பதால், தமிழ்ப் பக்கம் இனி வெறும் கரிசனம் சார்ந்தது அல்ல. முக்கியக் கடமைகளுக்குக் கால அவகாசம் தரப்பட்டிருக்கிறது. சேர்த்து வைத்த பயோடேட்டாக்களே ஏஜென்சியின் முதல் என்பதால், ‘நோக்கம் முடிந்தது’ என்று எப்போது சொல்வது என்பதில் இழுபறி இருக்கும்.

எதை வைத்து அளப்பது?

மாற்றம் செய்த பிறகு தளம் மேம்பட்டதா என்று தெரிவதற்கு, இரண்டு வடிவங்களை இருவேறு கூட்டத்துக்குக் காட்டி ஒப்பிடுவதே பெரிய நிறுவனங்களின் வழி. சிறு ஏஜென்சிக்கு இது ஏறக்குறைய எட்டாத வழி. விண்ணப்பிப்போர் 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்ந்ததை உறுதியாகச் சொல்ல, வழக்கமான புள்ளியியல் கணக்கில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறக்குறைய 7,000 பேர் வர வேண்டும். மாதம் 500 பேர் வரும் தளத்துக்கு இது இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட வேலை.

மாற்றுவழி, ஐந்து பேரை உட்கார வைத்துப் பயன்படுத்தச் சொல்லிப் பார்ப்பது. பெரும்பாலான குறைகள் அதிலேயே தெரிந்துவிடும் என்று நீல்சன் 2000-இல் எழுதினார். ஐந்து போதாது என்று அடுத்த சில ஆண்டுகளிலேயே மறுப்புகள் வந்தன. இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், வேலை தேடி அலுவலகத்துக்கு நேரில் வருபவரிடம் கைப்பேசியை எடுக்கச் சொல்லி “எங்கள் சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்” என்று கேட்பதற்குச் செலவே இல்லை. விண்ணப்ப எண்ணிக்கை ஏறுவதை வெற்றியாகக் கொள்வதும் சந்தேகத்துக்குரியது. விவரம் தெளிவாக இருந்தால் பொருந்தாதவர்கள் விலகிவிடுவார்கள். எண்ணிக்கை குறைவதே நல்ல அறிகுறியாக இருக்கலாம். ‘சம்பளம் எவ்வளவு சார்?’ என்று மட்டும் கேட்டு வரும் அழைப்புகள் குறைகின்றனவா என்று பார்ப்பது இன்னும் நேரான அளவுகோல்.

தீராதவை

வெளிப்படைத்தன்மை வாதத்துக்கும் ஓட்டைகள் உண்டு. உண்மையான ஏஜென்சியின் உரிம எண்ணை எடுத்து, வேறு தொலைபேசி எண்ணோடு போலித் தளம் அமைப்பது கடினமல்ல. எண்ணை வெளியிடுவது நேர்மையின் அடையாளமாகும் அளவுக்கு, அதைத் திருடுவதன் லாபமும் கூடுகிறது. இ-மைக்ரேட் பட்டியலில் உள்ள தொடர்பு விவரத்தோடு தளத்தின் எண்ணை ஒப்பிடச் சொல்வது ஓரளவு உதவலாம். ஆனால் எத்தனை பேர் அந்தக் கூடுதல் படியை ஏறுவார்கள் என்பதற்குத் தெளிவான சான்று கிடையாது.

வேலை தரும் நிறுவனத்தின் பெயரை எழுதுவதா என்பதில் வருகையாளரின் நலனும் ஏஜென்சியின் நலனும் நேருக்கு நேர் மோதுகின்றன. பெயர் தெரிந்தால் வருகையாளர் அங்கே வேலை செய்யும் ஊர்க்காரரிடம் விசாரித்துக்கொள்வார். போட்டி ஏஜென்சியும் அதே நிறுவனத்தின் கதவைத் தட்டும். துறையையும் ஊரையும் மட்டும் வெளியிட்டு, அழைத்துப் பேசுபவருக்குப் பெயரைச் சொல்வது ஒரு சமரசம். அது எவ்வளவு தூரம் நம்பிக்கையைக் காக்கும் என்று சொல்வது கடினம்.

கட்டணத்தில் முரண் இன்னும் ஆழமானது. தொழிலாளரிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்பது 1997-இன் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆம் உடன்படிக்கையின் நிலை. இந்தியா அதை ஏற்கவில்லை. நம் விதி உச்சவரம்போடு அனுமதிக்கிறது. கட்டணமில்லா ஆள்சேர்ப்பை எதிர்பார்க்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரும், கட்டணம் தெரிய வேண்டிய வேலை தேடுபவரும் வந்து பார்ப்பது ஒரே பக்கத்தை. நாட்டுக்கு நாடு, வேலைக்கு வேலை தொகையைப் பிரித்து எழுதலாம் என்றாலும், அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றுபோல் புதுப்பித்துக்கொண்டிருக்க நான்கு பேர் உள்ள அலுவலகத்தில் யாருக்கு நேரம் இருக்கும் என்ற நடைமுறைக் கேள்வி நிற்கிறது. மேலே குறிப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில், ஆங்கிலத் தளங்களைக் கணினியில் பார்த்தவர்களைப் பற்றியவை. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு, தமிழில் படிக்க விரும்பி, தனக்காக அல்லாமல் தன் அண்ணனுக்காகச் சரிபார்க்கும் வருகையாளர் அவற்றில் இடம்பெறவில்லை. அவருக்கு எந்த வரிசையில் என்ன தகவல் தேவை என்பதை யாராவது ஆராய்ந்து பார்க்கும்வரை, மேற்சொன்ன தரப்புகள் எதையும் முழுமையாக ஏற்பதற்கு ஆதாரம் போதாது.